முதுகில் ஒரு முடிச்சு

அன்புள்ள சந்திராவுக்கு,

உன் இருமல் நின்றதா? மாமா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா? எனக்கு ஒரு குறையுமில்லை.

நேற்று ஒரு வேடிக்கை. கம்பெனியில் இரும்பு உருக்கும் உலை முன்னால் நிற்க எங்களுக்குச் சூடு தாங்கும் வெள்ளிநிறக் கோட்டு தருவார்கள். முதுகில் நாடா, இன்னொருவர்தான் அவிழ்க்க முடியும். கூட்டாளி சம்பத் மறந்துபோய்க் கம்பெனி பஸ் ஏறிவிட்டான். கோட்டோடு கேட்டுக்கு நடந்தேன். "இன்னாபா, இப்படியே வூட்டுக்குப் போறியா?" என்று சிரித்த வாட்ச்மேன், முடிச்சு இறுகிக் கிடந்ததால் கத்தரியால் வெட்டினார்.

வேலூர் ரசிகர் மன்ற மாநாடு ஞாபகம் வந்தது. தலைவர் படத்தில் போட்ட ராஜா வேஷத்தை நான் போட பிஸ்கட் பாக்கெட் வெள்ளித்தாள் ஒட்டி அங்கி தைத்தாயே! கொக்கி வைக்க நேரமில்லாமல் என்னை உள்ளே நிற்கவைத்தே முதுகை மூடித் தைத்தாய். ஊர்வலம் முழுக்கக் குனிய முடியவில்லை. ஆனாலும் அன்றைக்கு நான்தான் ராஜா. வீடு வந்ததும் பின்கழுத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாய்.

லீவு கேட்டேன். "நீ போய்ட்டா உலையை யார்பா பாக்கறது?" என்கிறார் சூப்பர்வைசர். பொங்கலுக்கு வருவதும் சந்தேகம்தான்.

கோட்டுக்கு நல்ல நாடா இரண்டு முழம் அனுப்பு. எலுமிச்சை ஊறுகாயும்.

கோட்டைக் கழற்றிப் படுத்தாலும் பின்கழுத்தில் ஏதோ இறுக்கிக்கொண்டே இருக்கிறது, சந்திரா. அதற்குக் கத்தரி போதாது, உன் பல்தான் வேண்டும்.

பஸ் ஹாரன் அடிக்கிறது.

உன் ராஜா,
கோபால்