முந்திக் கொடுத்த முடி

திருத்தணி, ஆடி மாதம், 1941

அன்பு மகனுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இப்போதுதான் கற்றுக்கொண்டேன். ரஷ்யாவும் ஜெர்மனியும் கூட்டு என்பதால்தானே, ரஷ்யாவைப் புகழ்ந்து பேசிய உன்னை ஜெயிலில் அடைத்தார்கள்? போன மாதம் ஜெர்மனி ரஷ்யாமேல் பாய்ந்துவிட்டது. வெள்ளைக்காரன் ரஷ்யாவுக்குத் தோழனாகிவிட்டான். பேப்பரில் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்! உனக்கு விடுதலைதான் என்று குதித்து, நீ வந்ததும் தருவதாக வேண்டிக்கொண்ட முடியை அன்றே மலையேறிக் கொடுத்துவிட்டேன்.

"புள்ள வர்றதுக்குள்ள மொட்டையா? இனிமே சாமிகிட்ட எதக் காட்டிக் கேப்ப?" என்று உன் அம்மா தினமும் திட்டுகிறாள். இருவரும் வாசலையே பார்த்திருக்கிறோம்.

இதைப் பிரித்துப் படிக்கும் ஜெயிலர் ஐயா, என் மகன் இப்போது உங்கள் கட்சிதானே? அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் அவனை அனுப்பிவிட்டால் எழுத மாட்டேன்.

உன் நைனா