வழிதவறிய ஆடுகள் வந்த நாள்

கம்பர்லாந்து, நவம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

மலையில் மந்தை மாறிப்போன ஆடுகளை, வருஷத்தில் ஒருநாள் மேய்ப்பர்கள் நான் சமையல் செய்யும் இந்த விடுதியின் முற்றத்துக்குக் கொண்டுவந்து, காதில் வெட்டிய அடையாளம் பார்த்து உரியவரிடம் ஒப்படைப்பார்கள். நேற்று அந்த நாள். அந்த மேய்ப்பர்களில் ஐசக்கும் வில்ஃபும் இருபது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. அந்த ஐசக்கின் ஆட்டைப் பனியில் தோளில் சுமந்துவந்து இறக்கினார் வில்ஃப். "இந்தா, உன் மகாராணி. மாசம் பூரா என் புல்லைத்தான் தின்னா."

எனக்குப் புல்லரித்துவிட்டது, அம்மா.

மாடி அறைகள்கூட நிரம்பிவிட்டன. என் கறிக்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே வில்ஃப் கேட்டார்: "இந்தப் பொண்ணு யாரு வீட்டு ஆடு? தேடி ஒருத்தரும் வரலியே!" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

தபால் வண்டி வந்துவிட்டது. என் பழுப்புக் கம்பளிச் சட்டையை அனுப்பு. காலரில் நம் வீட்டுப் பெயரைத் தைத்துவிடு.

டாம்சின்