மகளிடம் தோற்ற சங்கதி

செவ்வாய், இரவு

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு மல்யுத்தம் கற்கும் மகள் கூடத்தில் பாய் விரித்து, "உன் வெயிட்டெல்லாம் வேலைக்காவாதுப்பா, டெக்னிக்குதான்" என்றாள். தொப்பையும் நானுமாக அவள்மேல் தேர்போலச் சாய்ந்து அழுத்திப் பிடித்தோம். திடீரென நழுவியவள், கால்களால் என் கழுத்தை வளைத்துவிட்டாள். தோல்வியை ஒப்புக்கொண்டு தரையைத் தட்டினேன்.

மனைவி உடனே தன் தங்கைக்குப் போன் போட்டாள். கோயில் பெருமாளுக்குத் தெரியுமுன் சின்ன காஞ்சிபுரம் முழுக்கத் தெரிந்திருக்கும்.

மகளோ, "இனிமே எனக்கு நைட் ஷிப்ட் அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல காத்துக்கினு இருக்காத. தனியா வந்துடுவேன்" என்றாள்.

உண்மையில், அவள் முகம் சிவந்ததும் நான்தான் பிடியைத் தளர்த்தினேன். சொன்னால் தோற்றவன் சாக்கு என்பார்கள். அவள் தனியாக வரத் தொடங்குமுன், நாளை முழு பலத்தோடு மறுபடி மோதிப் பார்க்க வேண்டும்.

ஜெயித்துவிடுவேனோ என்றுதான் தூக்கம் வரவில்லை.