இரண்டு பேர் தள்ளும் தோணி

உட்துறைமுக வீதி, திருகோணமலை
2025 ஒக்டோபர் 1

அன்புள்ள மெலனி,

வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடு மட்டும்தான் வருகிறது. அதனால்தான் மின்னஞ்சலில் இந்தக் கடிதம்.

அடுத்த வெள்ளி ஒரு கேம் ஜாம். வெள்ளி மாலை தலைப்புத் தருவார்கள், ஞாயிறு மாலைக்குள் ஒரு விளையாட்டைச் செய்து இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். பழைய வழக்கம்தான்: நிரல் நான், படம் நீர். கம்பஸில் படிக்கையில் ஐந்து தரம் செய்தோம். ஒரு தரமும் வெல்லவில்லை, ஒரு தரமும் சண்டை பிடிக்காமல் முடிக்கவுமில்லை.

படிப்பு முடிந்ததும் வருவேன், வந்த கையோடு பதிவுக் கந்தோரில் கல்யாண எழுத்து என்று சொல்லித்தான் பிளேன் ஏறினீர். முடிந்து நான்கு மாதம். நான் கேட்கவில்லை, கடை முதலாளி முனீப் நானாதான் கேட்கிறார். போன் திருத்த வருகிற சனத்துக்கு முன்னாலேயே, "தம்பி, அந்தப் புள்ள வருதா, வரல்லியா?" என்கிறார். நாங்கள் சொந்தமாக விளையாட்டுச் செய்யத் தொடங்குவோம் என்று மேல்மாடி அறையை இன்னும் ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார். ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டிருக்கிறேன்.

இந்த இரண்டு நாளாவது என்னோடு இரும்.

உம்முடைய
டிலுக்ஷன்


மெல்பேர்ண்
2025 ஒக்டோபர் 5

டிலுக்ஷன்,

சண்டைகளை நினைத்துச் சிரிப்பு வந்தது. மிச்சத்தை வாசிக்க அது நின்றுபோனது.

எனக்குச் சனி ஞாயிறும் வேலை. விடிய ஐந்து மணிக்கு பஸ் இல்லை, இந்த வீட்டில் இருக்கிற நிருபன்தான் காரில் கொண்டுபோய் விடுகிறார். நல்ல மனுசன்.

படம் கீறி எவ்வளவு காலம்! சரி, தலைப்பு வந்ததும் சொல்லும். சனி பின்னேரத்துக்குள் கீறி அனுப்புவேன், சத்தியமாக. வருகிற கதையைப் பிறகு கதைப்போம்.

என் அம்மாவை ஒருக்கா எட்டிப் பாரும்.

மெலனி


திருகோணமலை
2025 ஒக்டோபர் 13

அன்புள்ள மெலனி,

தலைப்பு 'பாரம்'. இரண்டு பேர் ஒரு தோணியை மணலில் இருந்து தண்ணீருக்குத் தள்ள வேண்டும். ஒரு ஆள் கைவிட்டாலும் தோணி அசையாது. அவ்வளவுதான் விளையாட்டு.

உம்முடைய படத்துக்குச் சனி முழுக்கப் பார்த்தேன். ஞாயிறு பின்னேரம் வரையும் பார்த்தேன். கடைசியில் ஒரு நீலப் பெட்டி, ஒரு சிவப்புப் பெட்டி, தோணிக்கு ஒரு மண்ணிறப் பெட்டி. நீலம் நீர், சிவப்பு நான்.

என்னுடைய மடைத்தனத்தைக் கேளும். இரண்டு பெட்டியையும் நான் தனியே இருந்து இரண்டு கையாலும் ஓட்டித்தான் சோதித்தேன். இடது கை நீர், வலது கை நான். அது பழகிப்போய், இதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று எழுதி வைக்க மறந்துவிட்டேன். விளையாடினவர்கள் எல்லாரும் தனி ஆட்கள். "தோணி அசையவில்லை, பிழை இருக்கிறது" என்று எழுதித் தள்ளியிருக்கிறார்கள். வாக்கெடுப்பு முடியும்வரை ஒன்றையும் மாற்றக்கூடாது என்பது விதி.

தண்ணீருக்குள் இறங்கினால் தோணி அக்கரைக்குப் போய்விடும், அங்கே உமக்கென்று ஒன்று எழுதி வைத்தேன். இதுவரை ஒருவரும் அங்கே போகவில்லை. நீர் போம். இரண்டு கை போதும்.

அம்மா சுகம். கேக் வெட்டித் தந்தா. ஏனோ என் முகத்தைப் பார்க்கவில்லை.

உம்முடைய
டிலுக்ஷன்


மெல்பேர்ண்
2025 ஒக்டோபர் 19

டிலுக்ஷன்,

படத்துக்கு மன்னித்துக்கொள்ளும். வேலையால் வந்து பென்சிலோடு இருந்தனான். கை வரவில்லை.

நேற்று விளையாடினேன். தனியே ஏலவில்லை, ஒரு கை மற்றக் கையைக் குழப்புகிறது. பக்கத்தில் இருந்த நிருபன், "ஒண்டை நான் பிடிக்கிறன், தாரும்" என்று சிவப்பைப் பிடித்தார். சிவப்பு யார் என்று அவருக்குத் தெரியாது. நான் தடுக்கவில்லை. மூன்றாம் தரம் தோணி தண்ணீருக்குள் இறங்கியது.

அக்கரையில் எழுத்து வந்தது. "மெலனி, மேல்மாடியில் இரண்டு கதிரை இருக்கு. தை மாதம் கல்யாண எழுத்தை வைப்பம். வாரும்." அவரும் வாசித்தார். எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார்.

நானும் நிருபனும் கல்யாணம் செய்ய முடிவெடுத்து இரண்டு மாதம். அம்மாவுக்குத் தெரியும். நானே உமக்குச் சொல்கிறேன் என்று அவவின் வாயைக் கட்டிவிட்டு, நாளை நாளை என்று கடத்திக்கொண்டிருந்தனான். நான் வரமாட்டேன், டிலுக்ஷன். இப்படி உமக்குத் தெரியவந்தது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மெலனி


திருகோணமலை
2025 நவம்பர் 3

மெலனி,

கோபமா என்றால், ஓம், கோபம்தான். உம்மில் கோபம். அம்மாவில் கோபம், அந்தக் கேக்கில் நான் இரண்டு துண்டு சாப்பிட்டனான். நிருபனிலும் கோபப்பட்டுப் பார்த்தேன். எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்ட மனிதரில் வருகுதில்லை.

நேற்று முடிவு வந்தது. 240 விளையாட்டில் நம்முடையது 231ஆம் இடம். அக்கரைக்குப் போனது நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

மேல்மாடியைக் கொடுக்கச் சொல்லி நானாவிடம் நானே சொன்னேன். பஸ்மியா என்று ஒரு தையல்காரி எடுத்திருக்கிறா. கதிரை இரண்டையும் அவவே கேட்டா, கொடுத்துவிட்டேன்.

இனி விளையாட்டை மாற்றலாம் என்றபடியால் இன்று மழைக்குக் கடை பூட்டியிருந்த நேரம் மாற்றினேன். நீலப் பெட்டியை எடுத்துவிட்டேன். அக்கரையில் எழுதியதை அழித்துவிட்டேன். நிரலில் தோணியின் பாரம் வெறும் ஒரு இலக்கம்தான், அதைப் பாதியாக்கினேன். ஒரு கையால் தள்ளிப் பார்த்தேன், போகிறது. அக்கரையில் ஒன்றும் இல்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

டிலுக்ஷன்