வரவுத்தாளின் தலைப்பு

அன்பு மகளுக்கு,

விளைநிலத்தில் மரம் வளர்த்துக் காபன் கணக்கு விற்கும் காபன் காட்டுத் திட்டத்துக்குப் பூவரசங்குளத்தில் நாற்பத்தொரு பேர் சம்மதித்திருப்பதாக ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் நிறுவனம் பிரதேச செயலகத்துக்குக் கொடுத்த கோப்பில் அதைத் திங்கட்கிழமை என் கண்ணால் பார்த்தேன். ஏழாவது பெயர் அங்கம்மா. இனக்கலவரத்தோடு மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, காடு வெட்டி, மூன்று ஏக்கரில் உளுந்து விதைக்கிறவர். திட்டத்துக்கு அனுமதி கிடைத்தால் முப்பது வருடத்துக்கு அங்கே அவர் உழ முடியாது.

நேற்று அவரிடம் போனேன்.

"கூட்டத்துக்கு வந்தேன்னுதானுங்க ஐயா கையெழுத்துப் போட்டேன். போடாட்டி பார்சல் குடுக்க மாட்டாங்கன்னு அகதி முகாம்லயே பழகிப்போச்சு. ஒரு சோத்துப் பார்சலுக்கு மூணு ஏக்கரா? அதுல முட்டைகூட இல்லீங்க!"

அவர் சிரித்தார். நான் குறிப்பு எடுத்துக்கொண்டேன்.

அந்த வரவுத்தாளில் கையெழுத்துகள் எல்லாம் கறுப்பு மையில் இருக்கின்றன. மேலே "சம்மதம் தெரிவித்தோர்" என்ற தலைப்பு மட்டும் நீலம். அது யாருடைய எழுத்து என்று நான் எவரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தேவைப்படவில்லை. அன்று அந்தக் கூட்டத்தை நடத்தியது நீ. தலைப்பு எழுதப்பட்டது கூட்டத்துக்கு முன்பா, பின்பா? எழுதச் சொன்னது யார்?

தொலைபேசியில் கேட்டபோது, "வேலைக் கதை வேண்டாம் அப்பா, வைக்கிறன்" என்றாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆட்சேபனை கொடுக்கக் கடைசி நாள் இம்மாதம் 28. என் செய்தி அடுத்த வாரம் வியாழக்கிழமை பத்திரிகையில் அச்சுக்குப் போகிறது. கூட்டம் நடத்திய அலுவலரின் விளக்கத்துக்கு நான்கு வரி இடம் விட்டிருக்கிறேன். அதற்கு முந்தின நாள் புதன் மாலை ஆறு மணிவரை அதில் வேறு எதையும் எழுதமாட்டேன்.

அப்பா