கோணல் கப்புக்குள் ஒரு குட்டி

இன்று காலை ஈரத் தேங்காய் நார் வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது, மாப்ள. நீ போனபிறகு உன் புள்ளிப் பல்லிகளின் பெட்டிகளை நான்தான் கழுவுகிறேன். பத்தாவதில் அறிவியலைக் கோட்டை விட்டவனை நம்பி, வெளிநாட்டுப் பல்லிகளை ஒப்படைத்த உன் துணிச்சலை என்ன சொல்ல!

நாம் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் கழித்துப் போட்ட கப்புகளைக் கொண்டுவந்து, குட்டிகள் பதுங்கிக்கொள்ளப் பெட்டிக்கு ஒன்றாகக் கவிழ்த்து வைப்பாய். விளிம்பு உடைந்த இடம்தான் வாசல். அப்பன் யார் என்று உறுதியாகத் தெரிந்த குட்டிக்கு நேரான கப்பு. சந்தேகமென்றால், சூளையில் வளைந்துபோன கோணல் கப்பு.

ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெட்டை, அதன் விந்தணுவை வயிற்றிலேயே வைத்திருந்து மாதங்கள் கழித்தும் முட்டையிடும் என்பாய். இடையில் வேறோர் ஆணோடு விட்டிருந்தால் குட்டி யாருடையதென்று சொல்ல முடியாது.

"எல்லாம் ஒரே மாரிதான்டா இருக்குது, எவன் கேக்கப் போறான்?" என்றேன்.

"உன் பொண்ணு மூக்கப் பாத்தா அப்பன் யாருன்னு ஊரே சொல்லும், பாவம். பல்லிக்கு அப்படியா?" என்று சிரித்தாய்.

போன வாரம் புதுச்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். உன்னிடம் முன்பு வாங்கிய ஆணுக்கு ஜோடி தேடினார். கோணல் கப்புக்குள் இருந்த பெட்டைதான் அவருக்குப் பிடித்தது.

"இது என் ஆணுக்குச் சொந்தமில்லயே? கூடப் பொறந்ததா இருந்தா குட்டிங்க ஊனமா வரும்ங்க. ஒருதடவ பட்டுட்டேன்."

இல்லை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. பல்லி குறைந்தால் வீட்டில் எனக்கு மரியாதை கூடும். ஆனால் கப்பு கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"இதுக்கு அப்பன் ரெண்டுல ஒண்ணு. அதுல ஒண்ணுதான் உங்க ஆணுக்கும் அப்பன். எதுன்னு வளத்தவனுக்கே தெரியலைங்க. அதான் இந்தக் கோணல் கப்பு."

அவர் எழுந்துவிட்டார். அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "நல்லாத்தான் யாவாரம் பண்றீங்க!"

செருப்பை மாட்டியவர் திரும்பினார். "இதயே குடுங்க. இதுக்கு வேற எடத்துல ஆண் பாத்துக்கறேன். அந்தக் கோணல் கப்பையும் குடுங்க. அது இல்லன்னா மறந்துபோயி என் ஆணோட வுட்டுடப் போறேன்."

உன் கப்பு புதுச்சேரி போய்விட்டது, மாப்ள.

இன்று இரண்டு முட்டைகள் பொரிந்தன. எந்தப் பெட்டை இட்டவை என்று தெரியவில்லை. கழுவும்போது பெட்டிகளை மாற்றி வைத்த அறிவாளி நான்தான். உன் காலத்தில் அப்பன் மட்டும்தான் சந்தேகம். என் காலத்தில் அம்மாவும்.

"எந்தக் கப்புப்பா?" என்றாள் மகள்.

கம்பெனிக் கழிவுக் குவியலுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். இருந்ததிலேயே கோணலானதை அவள்தான் கண்டுபிடித்தாள்.