மடங்காத முழங்கால்

அன்பு மருமகளுக்கு,

சொல்லுவது நான், எழுதுவது பக்கத்து வீட்டு ஞானசவுந்தரி. நேற்று கிளின்ரனின் முப்பத்தோராம் நாள் பூசையில் எல்லோரும் முழந்தாளிட, நான் மட்டும் நின்றது உமக்கு மனவருத்தம். வேண்டுமென்று நிற்கவில்லை, பிள்ளை.

வாதத்தில் வீங்கிய என் வலது முழங்காலுக்குப் போன வருடம் அவனுடைய இடுப்பெலும்பிலிருந்துதான் உயிரணு எடுத்தார்கள். அதைப் பஞ்சு போன்ற ஒரு சிறு வலையில் வளர்த்து உள்ளே வைத்தார்கள். "வலை கரைஞ்சு போயிடும் ஐயா, மகன்ரை அணு உள்ளுக்கை நிண்டு வீக்கத்தை அடக்கும்" என்றார் டாக்குத்தர்.

"அப்பா, இனி என்னைக் கேளாமல் உங்களுக்கு முழந்தாளிட ஏலாது" என்று அவன் சிரித்தது உமக்கும் நினைவிருக்கும்.

அன்றிலிருந்து அந்தக் கால் ஒருநாளும் மடங்க மறுத்ததில்லை. நேற்றுச் சுவாமியார் "மரித்த கிளின்ரனுக்காக" என்றதும் இடது கால் மடங்கியது. வலது கால், யாரோ உள்ளே ஊன்றி நிற்பதுபோல விறைத்தது.

அவனுடைய வள்ளம் மட்டும்தான் அல்லைப்பிட்டிக் கரைக்கு வந்தது. அவனைக் கடல் இன்னும் தரவில்லை. வெறுங் கல்லறைச் சிலுவையில் பெயர் எழுதுவதை நிறுத்தச் சொல்லும்.

வீட்டுக்கு வந்து, அவன் திரும்பி வரவேண்டுமென்று செபிக்க மாதா படத்தின் முன் போனேன். வலது கால்தான் முதலில் மடங்கியது.

உமது மாமா